அலெக்சாண்டரின் மல்லாட்டை

அலெக்சாண்டர் சட்டைப் பைக்குள் கைவிட்டு இரண்டு மல்லாட்டைப் பருப்பை, வேர்க்கடலைதான், எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். எதிரே வீட்டுப்பாடம் எழுதும் மகள் ஜெனிட்டா இப்போதுதான் கண்ணைப் படபடவென்று சிமிட்டினாள் என்று அர்த்தம். "சிமிட்டாத" என்று கத்த வந்த வாயை அடைக்க அவர் கண்டுபிடித்த வழி இது. பக்கத்து வீட்டுக்காரன் சொல்கிறேன், போன மாதம் தினம் ஒரு கைப்பிடி தீர்ந்தது. இப்போது அரைக் கைப்பிடி.

விவசாயிகள் விளைச்சலை விற்கிற செஞ்சி கமிட்டியில் மல்லாட்டை மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். தராசு காட்டும் எடையை அவர் கூவினால் ரோட்டில் போகிற பஸ் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். அதே குரலில்தான் கோடை முழுக்க மகளை அதட்டிக்கொண்டிருந்தார். பயத்தில் அவள் இன்னும் அதிகமாகச் சிமிட்டினாள். பள்ளியில் 'இண்டிகேட்டர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஞாயிறு பூசையில் அவள்தான் மைக் முன் நின்று பைபிள் வாசகம் வாசிப்பாள். கோயிலில் கத்த முடியாதே. மனுஷன் பெஞ்சிலிருந்து விரலால் கண்ணைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒருநாள் பாதியில் நிறுத்தி இறங்கிவிட்டாள். இனி வாசிக்க மாட்டேன் என்றாள். அன்று இரண்டு வேளை அவர் சாப்பிடவில்லை.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டு விருத்தாம்பாள் பேச்சைக் கேட்டு நந்தியாவட்டைச் சாறு ஒரு சொட்டு விட்டார். பிள்ளையின் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. கண் டாக்டரம்மாவிடம் வாங்கிய திட்டை ஒளிக்காமல் சொல்வார். "கண்ணுக்குள்ள நான் குடுக்குற சொட்டு மருந்து மட்டுந்தான், மத்த வைத்தியமெல்லாம் கண்ணுக்கு வெளியன்னாங்க சார்."

வெளி வைத்தியம் இதுதான்: அவளுக்குத் தூசு ஆகாது, ஒதுக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒத்தடம். செல்போனைக் குறைக்க வேண்டும். இதையெல்லாம் அலெக்சாண்டர் அட்சரம் பிசகாமல் செய்கிறார். கமிட்டிக் குழாயடியிலேயே குளித்து, சட்டை மாற்றித்தான் வீட்டுக்கு வருகிறார். செல்போனுக்குப் பதில், மாடியில் நின்று ராஜகிரிக் கோட்டை மலையிலிருந்து இறங்குகிற ஆட்களை எண்ணும் விளையாட்டு. எடைக்காரர் கணக்கு அதில் மட்டும் தினமும் தப்பிப்போகிறது. சொட்டு மருந்து விடுவதும் அவரேதான்.

"மேல பாரும்மா. செவுத்துல இன்னா இருக்குது?"

"பல்லி, நைனா."

"எத்தினி?"

அவள் எண்ணி முடிப்பதற்குள் சொட்டு விழுந்திருக்கும்.

டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். சிமிட்டுவதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஜாடை காட்டவும் கூடாது. "ஊசி போட்டிருந்தா கூட தாங்கிருப்பேன் சார். வாய மூடுன்னுட்டாங்க" என்றார் என்னிடம். மல்லாட்டை வந்தது அன்றிலிருந்துதான்.

போன சனிக்கிழமை ஜெனிட்டா தானாகவே, "நாளைக்கு நான் வாசிக்கிறேன்" என்றாள். அவர் உடனே என்னைத் தேடி வந்தார். பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எதையும் மெல்லக் கூடாதாம். "பை காலியா இருக்கும் சார். நீங்க வந்து என் பக்கத்துலயே குந்திக்கங்க." போனேன்.

இரண்டு வரி நன்றாக வாசித்தாள். மூன்றாவதில் தடுமாறி, நிமிர்ந்து தகப்பனைத் தேடினாள். கண் படபடத்தது. அலெக்சாண்டரின் வலது கை தானாக மேலே எழுந்தது. புருவம் வரை போன கை, அங்கே ஒரு கணம் தயங்கி, நெற்றியைத் தொட்டது. பிறகு மார்பு, இரண்டு தோள்கள். சிலுவை போட வேண்டிய நேரமே இல்லை அது. பக்கத்திலிருந்த பெரியவர், எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று அவசரமாகத் தானும் போட்டுக்கொண்டார்.

ஜெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, சிமிட்டிக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். அவள் முடிக்கும்வரை அலெக்சாண்டர் அந்த வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.