ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணும் ஸ்டெல்லா அக்கா

காலையில் ஸ்டெல்லா அக்கா நம்பரிலிருந்து போன். ஒரு ரிங்கோடு நிற்கவில்லை... அடித்துக்கொண்டே இருந்தது.

எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது, பேசப்போவது அக்கா இல்லை என்று.

லீவில் வீட்டுக்கு வந்திருந்த மகள் ஷீபாதான். "ஆன்ட்டி... அம்மா போய்ட்டாங்க ஆன்ட்டி." மாரடைப்பு. தூக்கத்திலேயே.

இங்கே பலருக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். நான் என்ன போட்டோ போட்டாலும் லைக் போடாமல், "எந்த போன்ல எடுத்த?" என்று மட்டும் கமெண்டில் கேட்பவர்.

தெரியாதவர்களுக்கு... சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் 2004-லிருந்து என்னோடு பாடம் எடுத்தவர். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

புதுசாக எது வந்தாலும் எங்கள் இரண்டு பேருக்கும் போட்டிதான். பென் டிரைவ் வந்த புதிதில் அக்கா அதைச் செயினில் சிலுவையோடு சேர்த்துக் கோர்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னக்கா இது, பாதர் பாத்தா திட்டப்போறாரு."

"அவரே கேட்டாருடி, எங்க வாங்கினன்னு."

டேட்டா கார்டு வாங்கியபோது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடுவாராம். கண்டக்டர் கேட்டிருக்கிறார், "என்னம்மா, படம் தெரியலியா?"

அவ்வளவு ஆசை இருந்தும் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றவே இல்லை. சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு ரிங். உடனே கட். "வந்துட்டேன்" என்று அர்த்தம். நான் எடுக்கக் கூடாது.

டச் போன் வாங்கினார். அதிலிருந்து எனக்கு முதலில் வந்ததும் மிஸ்டு கால்தான்.

"நமக்குள்ள கால் ஃப்ரீதானேக்கா. ரெண்டு வார்த்தை பேசினா என்ன?"

"பகல் பூரா பேசறது போதாதா? வந்துட்டேன்னு சொல்ல ஒரு ரிங்கே ஜாஸ்திடி."

போன டிசம்பர்... தானே புயல்.

முதல் நாள் சீக்கிரமே கிளம்பிப் போனார். ஒரு ரிங் வந்தது. நான் நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

விடிந்தபோது சிதம்பரத்திலேயே கரண்ட் இல்லை. மரங்கள் எல்லாம் ரோட்டில். கடலூரில் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை.

பெங்களூரிலிருந்து ஷீபா கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா போன் சுவிட்ச் ஆஃப்னே வருது. டிவியில கடலூரத்தான் காட்டறாங்க... எங்க வீட்டுக்கு அந்தாண்ட கடல்தான் ஆன்ட்டி. அம்மா தனியா இருக்காங்க."

நான் கூப்பிட்டாலும் அதே பதில்தான். பஸ் இல்லை. போய்ப் பார்க்க வழியே இல்லை.

என் போனில் சார்ஜ் பாதிதான் இருந்தது. ஆசை ஆசையாக வாங்கிய போன்... நெட்டை நிறுத்தினேன். புளூடூத்தை நிறுத்தினேன். வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து, திரையில் எழுத்தே தெரியாத அளவுக்கு வந்துவிட்டது.

"ஆஃப் பண்ணி வை. வேணும்போது போட்டுக்கலாம்" என்றார் கணவர்.

"ஆஃப்ல இருந்தா மிஸ்டு கால் எப்படிங்க வரும்?"

லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜைக் கேபிள் போட்டு போனுக்கு ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பும் அணைந்துவிட்டது.

மறுநாளும் விடிந்தது. அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை. ஷீபா கூப்பிடும்போதெல்லாம் சார்ஜ் இறங்கும். "வைம்மா, லைன் ஃப்ரீயா இருக்கட்டும்" என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மத்தியானம் தெரியாத ஒரு நம்பர்.

ஒரு ரிங். கட்.

பேட்டரி சிவப்புக்கு வந்திருந்தது. திருப்பிக் கூப்பிட்டேன்.

"யாரும்மா நீங்க?" ஓர் ஆண் குரல்.

"இப்ப இந்த நம்பர்லேருந்து யாரு சார் கூப்ட்டது?"

"அதுவா... இங்க ஸ்கூல்ல தங்கியிருக்கோம். கண்ணாடி போட்ட டீச்சரம்மா ஒருத்தங்க போனு கேட்டாங்க. ஒரு ரிங்கு விட்டுட்டு கட் பண்ணிக் குடுத்துட்டாங்க. நல்லாப் பேசுங்கம்மான்னேன். 'போதும்பா, அவளுக்குத் தெரியும்'னுட்டு கஞ்சி வாங்கப் போய்ட்டாங்க."

யார் போனாக இருந்தாலும் அதே ஒரு ரிங். வேறு யார் இப்படிச் செய்வார்கள்...

உடனே ஷீபாவுக்குப் போட்டேன். "அம்மா நல்லாருக்காங்கடா."

"பேசினீங்களா ஆன்ட்டி?"

"இல்ல. மிஸ்டு கால் குடுத்தாங்க."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு சத்தம். அதோடு என் போன் செத்துவிட்டது.

சென்டர் திறந்த அன்று அக்கா வந்தார். முகமெல்லாம் கறுத்து, இளைத்துப் போயிருந்தார். கட்டிப்பிடிக்கப் போன என்னைத் திட்டினார்.

"ஏண்டி திருப்பிக் கூப்ட்ட? ஒரு ரிங்குன்னா நல்லாருக்கேன்னுதான அர்த்தம்? அந்த ஆளு போன்ல சார்ஜே இல்ல. பின்னாடி எத்தினி பேரு அதுக்காவ நின்னுகினு இருந்தாங்க தெரியுமா?"

போன வாரம்கூட, புதுசாக வரப்போகும் ஒரு டேப்லெட்டைப் பற்றி மத்தியானம் பூராவும் பேசிக்கொண்டிருந்தோம். முதலில் வாங்கப்போவது நானா, அக்காவா என்று...

நேற்றுச் சாயங்காலமும் ரிங் வந்தது. வழக்கமான நேரத்துக்கு. அடுப்பில் பால் வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைக் கவனித்தேன்.

கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன். புதுச்சத்திரம் தாண்டிவிட்டது. ஷீபா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள், எங்கே வருகிறீர்கள் என்று.

ஸ்டெல்லாக்கா... ஃபுல் சார்ஜ் போட்டுத்தான் எடுத்து வந்திருக்கேன்.

போன் ஆன்லதான் இருக்கு.