குடம் வைக்க இடமில்லை

சிவகாசி டீக்கடையில் கண்ணை மூடிக்கொண்டு சர்க்கரை டப்பாவின் மூடியைத் தடவுகிறார் யாஸ்மின். திருகுகிறார், வரவில்லை. அழுத்துகிறார், திறந்துகொள்கிறது. "பொய் சொல்லுது பாருங்க இது." யார் வீட்டுக்குப் போனாலும் தாழ்ப்பாள், குழாய் என்று இதே வேலைதான். "தொட்ட ஒடனே கைக்குப் புரியணும். எழுதி ஒட்டினா அது தோத்த சாமான்."

மின்திரை இல்லாமல், கையால் எடுத்து வைத்தே இயக்கும் கருவிகளை வடிவமைப்பவர் அவர். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை அவரைக் கூப்பிட்டது. வெடிமருந்து அடைக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கூடுதலாக ஓர் ஆள் இருந்தால், தீப்பிடிக்கும்போது ஓடும் வழி அடைபடும். சீசனில் அறிவிப்புப் பலகையை யார் பார்க்கிறார்கள்? தீப்பொறிக்குப் பயந்து அங்கே மின்சாரமும் ஆகாது.

முதலில் மரத் தராசு செய்தார். உள்ளே போகிறவர் தனக்கென்று கொடுத்த மரக்கட்டையைத் தட்டில் வைக்க வேண்டும். ஆள் கூடினால் தட்டு தாழும். அங்கே வேலை செய்யும் பெண்கள் அதைத் தொடவே இல்லை. "கூலியக் கொறைக்கத்தான் நிறுக்காக" என்று பேச்சு பரவி, தராசு கிடங்குக்குப் போனது. யாஸ்மினுக்குச் சோறு இறங்கவில்லை. "தராசுன்னா அவுகளுக்குக் கூலி நிறுக்கற சாமான். நாந்தான் தப்பான சாமானப் புடிச்சிட்டேன்."

பிறகு காலை நேரங்களில் அந்தப் பெண்கள் குடியிருக்கும் தெருக்களில் சுற்றினார். குழாயடியில் ஆட்கள் இல்லை. குடங்கள் மட்டும் வரிசையில் நின்றன. அடுத்தவர் குடத்தை ஒருவரும் நகர்த்தவில்லை.

இப்போது அறை வாசலில் நான்கு குழிகள் கொண்ட பலகை. ஆளுக்கொரு நிறத்தில் சின்ன மரக்குடம். போகும்போது வைக்கிறார்கள், வரும்போது எடுக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தீபாவளி நெருக்கத்தில் நான் அங்கே போயிருந்தேன். நான்கு குழியும் நிறைந்திருந்தது. மேற்பார்வையாளர் காசிராஜனுக்கோ அவசரம்.

"ஆவுடைத்தாயி, நீயும் உள்ள போ. ஆர்டர் நிக்குது."

கையில் குடத்தோடு நின்ற ஆவுடைத்தாய் பலகையைக் காட்டினார். "எங்கன போக அண்ணாச்சி? கொடம் வைக்க எடமில்லையே."

காசிராஜன் ஒரு குடத்தை எடுத்துவிடக் கை நீட்டினார்.

"யாரு அது, எங் கொடத்துல கை வைக்கது?" உள்ளேயிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது.

நீட்டிய கை சட்டெனப் பின்வாங்கியது. "சரி சரி, யாராவது வரட்டும். அதுவரைக்கும் நெழல்ல இரு தாயி."

தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்ற யாஸ்மின் துப்பட்டா நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் ஒற்றைக் காலில் ஒரு குதி குதித்தார்.