ஜைனப் டீச்சர் கழற்றி வைத்த திருகு

செல்வி போன் செய்தபோது நான் மயிலாடுதுறையில் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். "சார், நம்ம ஜைனப் டீச்சர் காலையில தவறிட்டாங்க. மத்தியானம் ளுஹர் தொழுகை முடிஞ்சதும் அடக்கமாம். நாத்தங்காலுக்குத் தண்ணி வச்சிட்டிருந்தவ அப்படியே கிளம்பிட்டேன். நீங்களும் வந்துருங்க" என்றாள். காலிப் பையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து எங்கள் பழைய ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் இரங்கல் கூட்டம். ஒருவர் எழுந்து, "சாதுவான பெண்மணி, யார் மனமும் கோணப் பேசமாட்டார்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்களுக்காவது சொல்கிறேன்: ஜைனப் டீச்சர் சாது இல்லை. இறந்து போனாலே எல்லாரையும் சாதுவாக்கிவிடுவது நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம்.

அவர் எங்கள் ஊர்ப் பால்வாடி டீச்சர். நான் தொடக்கப் பள்ளி வாத்தியார். எண்பதுகளில் ஒரு நாள், துபாயிலிருந்து வந்த அவருடைய தம்பி வீட்டுக்கென்று ஒரு டி.வி. கொண்டுவந்தார். டீச்சர் அதை மாட்டு வண்டியில் ஏற்றிப் பால்வாடியில் இறக்கிவிட்டார். "வீட்டுல வச்சா நாங்க நாலு பேரு பாப்போம். இங்க முப்பது பேரு பாக்குறாங்க" என்று தம்பியின் வாயை அடைத்தார்.

பால்வாடி இருந்தது கூலிக்காரர் தெருக் கோடியில். நெடுநாள் சண்டைக்குப் பிறகு அந்தத் தெரு மனைகளுக்குப் பட்டா வந்திருந்தது. பட்டாவில் சேராமல் நின்றது பால்வாடிக் கொட்டகை ஒன்றுதான். அது காலியானால் இடத்தை வளைத்துக்கொள்ளலாம் என்று மிராசுதார் காத்துக்கொண்டிருந்தார்.

காலையில் பிள்ளைகளுக்கான அறிவியல் நிகழ்ச்சி வரும். முழுக்க ஹிந்தி. டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? சத்தம் வைக்கும் திருகை அடியோடு குறைத்து, அதைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். படம் ஊமையாக ஓடும். பிள்ளைகள் பேசுவார்கள். அது என்ன, இது ஏன், அவன் எதற்குக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறான் என்று கொட்டகையே அதிரும். தெரியாததைக் கேட்டால், "எனக்கும் தெரியல, கேட்டுட்டு வரேன்" என்பார். மறுநாள் கேட்டுக்கொண்டு வருவார். எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும், நான் உட்பட, தெரியாது என்று பிள்ளைகளிடம் சொன்னதில்லை.

ஒரு நாள் படத்தில் ஒரு விதை முளைத்தது. கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு இலை விட்டு நின்றது. எனக்குப் போன் செய்த இதே செல்வி, அப்போது நாலு வயது, எழுந்து, "பொய்யி. எங்கம்மா விதை நெல்லு ஊறப் போட்டு மூட்டம் போட்டா மூணாம் நாளுதான் முளைக்கும்" என்றாள். டீச்சர் அவளைத் தூக்கிக் கொஞ்சினார். அன்றே ஈரச் சாக்கில் நெல் போட்டார்கள். தினம் காலையில் பிரித்துப் பார்த்துச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. மூன்றாவது கோட்டன்று முளை வெடித்தது. பிறகு ஒரு நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வளரும் முளையை வரைந்து, விரலால் சரசரவென்று புரட்டிக் காட்டினார். "டி.வி. பொய் சொல்லலை, அவசரப்படுது" என்றார். டி.வி. பிள்ளைகளைக் கெடுக்கும் என்பவர்களும் அதுவே அறிவை ஊட்டிவிடும் என்பவர்களும் பேசிப் பேசி எனக்குக் காது புளித்துவிட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் செல்வி எழுந்து நின்றதைப் பார்க்காதவர்கள்.

நானும் பார்க்கவில்லை. இதெல்லாம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த வாரம்தான் மிராசுதாரின் காரியஸ்தர் ஒரு மனுவை நீட்டினார். பால்வாடியில் ஹிந்தி சொல்லிக் கொடுக்கிறார்கள், உடனே மூட வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் கல்லூரிக் காலத்தில் ஹிந்தியை எதிர்த்துப் போலீஸ் அடி வாங்கியவன். அந்த வார்த்தையைக் கண்டதும் சுர்ரென்று ஏறிவிட்டது. கூப்பிடு தூரத்தில் இருந்த கொட்டகையை எட்டிப் பார்க்காமல் முதல் கையெழுத்தைப் போட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். கையெழுத்துப் போட்டவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். உள்ளே டி.வி. ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தமிழில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஹிந்தி கத்துக் குடுக்குறீங்களாமே?" என்றார் அதிகாரி.

"எனக்கே ஹிந்தி தெரியாதுங்க. தெரியாததை எப்படிக் கத்துக் குடுக்குறது?"

"சத்தம் வைங்க, பாப்போம்."

டீச்சர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, திருகை மாட்டித் திருப்பினார். கொட்டகை முழுக்க ஹிந்தி. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். செல்வி அதிகாரியைப் பார்த்து, "சத்தத்தை அமத்துங்க. நாங்க பேசுறது கேக்கலை" என்றாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுவைக் கேட்டு வாங்கி என் கையெழுத்தைக் குறுக்கே அடித்தேன். பின்னால் நின்ற காரியஸ்தர், "வாத்தியாரே, யோசிச்சு செய்யுங்க" என்றார். "யோசிக்காம செஞ்சதைத்தான் அடிக்கிறேன்" என்றேன். கொட்டகை தப்பித்தது. மறு வருஷம் அந்த இடமும் பால்வாடி பேருக்கே எழுதப்பட்டது.

வெளியே வந்தபோது டீச்சர் கூப்பிட்டார். சத்தத்தை அமத்தி மறுபடி கழற்றிய திருகை என் உள்ளங்கையில் வைத்து, "நீங்க வச்சுக்குங்க சார். இனிமே கையெழுத்துப் போடுறப்ப பையில இருக்கட்டும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. இவரைத்தான் யார் மனமும் கோணப் பேசமாட்டார் என்கிறார்கள்.

இரங்கல் கூட்டத்தின் முடிவில் ஒரு தாள் சுற்றி வந்தது. பால்வாடியை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டு, அந்த இடத்தில் டீச்சர் பெயரில் ஒரு நினைவு மண்டபம் கட்ட வேண்டுமாம். பாதித் தாள் கையெழுத்தால் நிறைந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி என் முகத்தையே பார்த்தாள். சட்டைப் பைக்குள் கையை விட்டேன். திருகு இருந்தது. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். நானும் செல்வியும் தெருக் கோடிக்கு நடந்து, அந்தப் பால்வாடிப் பிள்ளைகளோடு மதியம் வரை உட்கார்ந்திருந்தோம்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தக் கறுப்பு பிளாஸ்டிக் திருகு ஒன்றுதான். மண்டபத்துக்கு என் கையெழுத்து கிடையாது.