அணியத்தில் அடித்த இரும்பு

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் கடல் பேச்சு வந்தால் எனக்கு மட்டும் இடமில்லை. யாரும் வாயை மூடு என்று சொன்னதில்லை. நான் எதையாவது சொன்னால் மாமா சிரிப்பார், அவ்வளவுதான். நான் பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம், மிளகாய்க் காட்டில். கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன்; கடற்போர்களைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுவேன். இராமேஸ்வரம் தீவில் விசைப்படகு ஓட்டும் மாமனாரிடம் அதெல்லாம் செல்லாது. "வயக்காட்டுப் புள்ளைக்குக் கடலு என்னத்தா தெரியும்?" என்று அன்பாகத்தான் கேட்பார். அந்த அன்புதான் எனக்கு எரிச்சல். ஒரு தடவையாவது இந்த மனுஷன் என்னோடு கடலைப் பற்றி மல்லுக்கு நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மாதா கோயில் திருவிழாவில் அதற்கு வழி கிடைத்தது. தாயா தாரமா என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன இளைஞர் மன்றத்தார், "கடற்போரை மாற்றியது பீரங்கியா, இரும்புக் கவசமா?" என்று பட்டிமன்றத் தலைப்பு வைத்துவிட்டார்கள். கவசத்துக்குப் பேச ஆள் அகப்படவில்லை. என்னைக் கேட்டார்கள், கேட்டு முடிப்பதற்குள் சரி என்றேன். மாமா முன்வரிசையில் இருப்பார், நான் பேசி முடிக்கும்வரை எழுந்து போக முடியாது. நடுவர் தீர்ப்பு எப்படியும் போகட்டும், அவரைச் சிரிக்கவிடாமல் செய்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

எதிரணியில் இராமநாதபுரத்து வக்கீல் ஒருவர். வாயைத் திறந்தாலே கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

"இரும்பாம் இரும்பு! நம்மூரு உப்புக்காத்துல சைக்கிளே துருப்பிடிச்சுச் சாகுது. இங்கன இரும்புக் கப்பல்ல மீன் பிடிக்கப் போறவுக எத்தன பேரு? கையத் தூக்குங்க பாப்போம்!"

ஒரு கையும் எழவில்லை. விசில் பறந்தது. மாமா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

என் முறை வந்தது. வகுப்பில் சொல்வதையே சொன்னேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரும்புத் தகடு போர்த்திய கப்பல் ஒன்று மரப் போர்க்கப்பல்களை மூழ்கடித்ததையும், மறுநாள் இன்னொரு இரும்புக் கப்பல் வந்து அதை மறித்ததையும், இரண்டும் மணிக்கணக்காகச் சுட்டும் இரண்டுமே முழுகாததையும் விவரித்தேன். எனக்குப் புல்லரிக்கிற கதை. கூட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சுண்டல் பொட்டலம் பிரிக்கிற சத்தம் மேடைவரை கேட்டது. மாமா வாயெல்லாம் பல்லாக இருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த குறிப்பை மேசைமேல் போட்டேன்.

"நம்ம துறையில மொதமொத அணியத்துல இரும்புத் தகடு அடிச்ச போட்டு யாருது?"

"ஒங்க மாமனாரு போட்டு!" என்று பல குரல்கள் எழுந்தன.

அணியம் என்பது படகின் முன்மூக்கு. எங்கள் துறையில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். காற்று வலுத்தால் ஒன்றோடொன்று மோதும். எல்லோரும் பழைய லாரி டயரைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுச் சமாளிக்க, மாமா மட்டும் ஒரு வருடம் மூக்கில் கனத்த தகடு அடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"அது பக்கத்துல யாராச்சும் நங்கூரம் போட்டீகளா?"

"போடுவமா? எங்க பலக என்னத்துக்கு ஆகும்!" என்றாள் ஒரு பெண்.

"அடுத்த வருசம் என்ன பண்ணுனீக?"

கொஞ்சம் அசடு வழிந்தார்கள். பிறகு பின்னாலிருந்து பதில் வந்தது. "நாங்களும் அடிச்சோம்!"

"தகடும் தகடும் மோதுச்சே, அப்புறம்?"

"டயர ரெட்டையாக் கட்டுனோம்!"

"ஒலகம் பூரா இதேதான் நடந்துச்சு. ஒருத்தன் இரும்பு போத்துனான். குண்டே போடாம மத்த ராசாக்களோட மரக்கப்பல் பூராம் வெறகாப் போச்சு. பெறகு எல்லாரும் போத்துனாக. அந்த இரும்ப ஒடைக்கத்தான் பீரங்கி பெருத்துச்சு. பீரங்கி பெருக்கப் பெருக்கத் தகடும் தடிச்சுச்சு. வக்கீல் சார் கொண்டாடுற பெரிய பீரங்கியப் பெத்துப்போட்டதே எங்க இரும்புதான்!"

பந்தல் அதிர்ந்தது. வக்கீலே கை தட்டினார். நடுவர் கவசத்துக்குத் தீர்ப்புச் சொன்னபோது பெண்கள் பக்கம் குலவை எழுந்தது. மாலையும் கழுத்துமாக நின்றேன். அப்படியொரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை. மாமா மட்டும் கை தட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ஊர் நடுவில் அவரை இழுத்து வைத்துப் பேசிவிட்டோமே என்று மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு நடக்கையில் மாமா சட்டென்று நின்றார்.

"ஏத்தா, அம்புட்டு இரும்ப ஏத்துனா மூக்கு அமுங்காதா? அலையில ஏறாமக் குத்துமே! அதச் சொன்னியா நீ?"

"அமுங்கும் மாமா. அதுக்குத்தான் நடுவுல மட்டும் தகட்ட வச்சு, ரெண்டு முனையையும் லேசா விட்டுப் பாத்தாக."

"முனைய விட்டா முனையில அடிப்பானே! கிறுக்கா ஒனக்கு?"

"அடிச்சாலும் கப்பலு முழுகாது மாமா! நடுவு மெதக்கும்ல!"

"எப்புடி மெதக்கும்? எப்புடிங்கிறேன்?"

அவர் கத்தினார், நானும் கத்தினேன். "மெல்லப் பேசுங்க, தெருவே பாக்குது" என்று கணவர் பின்னாலிருந்து கெஞ்சினார். மாமா அவரைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

"நீ சும்மா கெடலே! நாங்க கப்பலப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்."