தவளைக்கு எறும்பு, குருவிக்கு அப்பன்

எங்கள் துடியலூர் வீட்டு பால்கனிக் கூண்டில் ஆண் பின்ச் குருவி செத்துக் கிடந்தபோது, அதன் குஞ்சு அப்போதுதான் தானாகத் தினை கொத்தப் பழகியிருந்தது. குஞ்சும் ஆண்தான், இந்த இனத்தில் ஆண் மட்டும்தான் பாடும். கன்னத்தில் ஆரஞ்சு நிறம் தெரியத் தொடங்கியிருந்தது.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கண் விழித்ததெல்லாம் அந்தச் செத்துப்போன குருவியின் பாட்டில்தான். அதனால் எனக்கு அந்தப் பாட்டு வீட்டை விட்டுப் போகக் கூடாது. மகன் பாடுமா என்று போனில் தேடினேன். தேடப்போன இடத்தில் ஒரு மஞ்சள் விஷத் தவளை வந்து உட்கார்ந்துகொண்டது. விரல் நீளம்தான், விஷமோ ஆளைக் கொல்லும். ஆனால் கண்ணாடித் தொட்டியில் பழ ஈ தின்று வளர்ந்தால் அதற்கு விஷமே வராதாம். காட்டில் தின்னும் எறும்பிலிருந்து சேர்வதாம். பின்ச் குருவிக்குப் பாட்டும் அப்படித்தான், அப்பன் பாடக் கேட்டால்தான் வரும். ஒன்றுக்கு வாய் வழி, இன்னொன்றுக்குக் காது வழி.

"ஏனுங்க, இதுக்கு இனி யாருங்க சொல்லித் தருவாங்க?"

"உன்ற போன்ல அப்பன் பாடுன வீடியோ கெடக்குதல்ல அம்மணி, அதப் போட்டு உடு."

போட்டேன். குஞ்சு தினையை விட்டுத் தலை தூக்கவில்லை. தாய்க் குருவிதான் கம்பியோரம் வந்து கத்திக்கொண்டே இருந்தது. பாடத்தைக் கெடுக்கிறது என்று எரிச்சலாகி, அதைத் தனிக் கூண்டில் போட்டேன்.

நேரில் பாட ஆள் வேண்டும் என்று பிறகு படித்தேன். மாடி வீட்டம்மாவிடம் ஓர் ஆண் பின்ச் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம், வந்த காரியத்தை வந்ததும் கேட்டுவிட முடியாது. காபி குடித்து, உடம்பை விசாரித்து, எழுந்து வாசலுக்கு வந்த பிறகு கேட்டேன்.

"அதுக்கென்னங்க, ஒரம்பரையா வந்து இருந்துட்டுப் போகட்டுங்க."

வந்த விருந்தாளி நன்றாகப் பாடியது. குஞ்சும் பாடியது, அச்சு அசலாக மாடி வீட்டுப் பாட்டை. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அது அப்பன் பாட்டு இல்லை.

விருந்தாளி திரும்பிப் போன பிறகு ஒருநாள், வேறெதையோ தேடும்போது அந்த வீடியோ ஓடிவிட்டது. மகன் இறகைக் கோதிக்கொண்டிருந்தது. தாய்க் குருவி பறந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது. அன்றும் அது பாடத்தைக் கெடுக்கவில்லை, பதில் சொல்லியிருக்கிறது.

"நிறுத்தாத அம்மணி, கேக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் பாட்டைத் தெரிந்தவர்கள் இப்போது வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். பாட ஆளில்லை.