மாவுக்கட்டு போட்ட ஆர்க்கிட்

கேரளாவில் போர்வெல் போடப் போன என் கணவர், திரும்பும்போது ரிக் லாரியில் ஓர் ஆர்க்கிட் செடி கொண்டுவந்தார். திருச்செங்கோட்டு வெயிலில் ஆர்க்கிட் வளர்ப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று நான் கேட்கவில்லை. தாவரவியலில் முதுகலை முடித்தவள் பயந்தால் நன்றாக இருக்காது.

இரண்டு வருடத்தில் அது என் இடுப்பு உயரம் வளர்ந்தது. அடியிலைகள் உதிர்ந்து, வெறும் குச்சியின் உச்சியில் ஐந்தாறு இலைகள். கீழ்வேர்கள் காய்ந்து சுருண்டுவிட்டன. வீட்டுக்கு வந்தவர்கள், "கரும்புங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

கடைசியில் என் படிப்பைத் தூசி தட்டினேன். இலைகளுக்குச் சற்றுக் கீழே, தண்டைச் சுற்றி நனைத்த தேங்காய் நாரை வைத்துத் துணியால் கட்டினேன். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் அங்கே புது வேர் விடும். பிறகு அதற்குக் கீழே வெட்டி நட்டுவிடலாம்.

அதே வாரம் மாமனார் மொபெட்டிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வந்து சேர்ந்தார். ஓட்ட வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லியிருந்தோம், அதனால்தான் ஓட்டினார். அவருடைய கட்டிலைச் செடிக்குப் பக்கத்தில் போட்டோம்.

"எனக்கு ஆறு வாரங்கறாங்க. இதுக்கு எத்தன வாரஞ் சாமி?"

"பத்து வாரமாவது ஆகுங்க மாமா."

"அப்ப எனக்குத் தேவல."

தன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தறியாத மனிதர், தெளிப்பானை வாங்கி வைத்துக்கொண்டார். நார் ஒருநாள்கூடக் காயவில்லை. தன் கால் கட்டைப் பிரித்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு காலையில் மெல்லக் கூப்பிட்டார். "சாமி, இங்க வா. பச்சையா என்னமோ எட்டிப் பாக்குது."

துணியின் ஓரத்தில் மூன்று தடித்த வேர்முனைகள். குனிந்து இரண்டு முறை எண்ணினேன்.

இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று காத்திருந்து, வெட்டக் கத்தியை எடுத்தேன். கணவர் வீடியோ அழைப்பில் இருந்தார். "வெட்டாத, செத்துப் போயிரும்." ஆயிரம் அடிப் பாறையைத் துளைப்பவர், ஒரு குச்சிக்குக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ வெட்டு சாமி, அவனுக்கென்ன தெரியும்" என்றார் மாமனார்.

வெட்டிய இடத்தில் மஞ்சள் தடவி, கரித்துண்டு நிரப்பிய கூடையில் வைத்தேன். ஒரு வாரம் இலைகள் துவண்டு கிடந்தன. மாமனார் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் இலைகள் விறைத்தன. அன்று மாலையே, அது தான் வளர்த்த செடி என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது எதிர்வீட்டுக்காரர் தன் ரோஜாவுக்கு ஆலோசனை கேட்டு அவரிடம்தான் வருகிறார். நான் காபி கொடுக்கிறேன்.