சாக்ரடீஸுக்கு விடுதலை

அந்த டிசம்பர் முழுவதும் எங்கள் அப்பா தினமும் சாயங்காலம் செத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடியபின் அவருக்கு பெங்களூரில் வாட்ச்மேன் வேலை. ரயிலை விட்டு இறங்கி வந்து, காப்பி குடித்துவிட்டு, வெள்ளைப் போர்வையைத் தோளில் சுற்றிக்கொள்வார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை விஷமாக நினைத்துக் குடித்துக் கட்டிலில் சாய்வார். எனக்கு ஏழு வயது. நாடகம் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அழுவேன்.

அம்மா பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். வருடாவருடம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பர்களையும் ஏரோது ராஜாவையும் பார்த்துச் சலித்து, ஆண்டர்சன்பேட்டை சர்ச் விழாவுக்கு அந்த முறை சாக்ரடீஸ் நாடகம் எழுதியிருந்தாள். கேள்வி கேட்டே இளைஞர்களைக் கெடுத்தார் என்று ஏதென்ஸ் நகரம் கொன்ற கிழவரின் கதை. அப்பா சாக்ரடீஸ். தொண்டை பெரிதென்பதால் மாமா குற்றம் சாட்டுகிறவர்.

ஏதென்ஸில் ஊர்க்காரர்களே தீர்ப்புச் சொல்வார்கள் என்பதால், கூட்டத்தையே கை தூக்கச் சொல்ல வேண்டும் என்றாள் அம்மா. வாலிபர் சங்கத்துப் பையன்களை அங்கங்கே உட்கார வைத்திருந்தாள். குற்றவாளி என்று அவர்கள் தூக்கினால் மற்றவர்களும் தூக்குவார்கள் என்பது அவள் கணக்கு.

விழா அன்று மாமா கர்ஜித்தார். "குத்தவாளின்னு சொல்றவங்க கை தூக்குங்க!"

அந்தப் பையன்களின் கைகள் மட்டும் எழுந்தன.

"விட்டுடலாம்னு சொல்றவங்க?"

கூடமே கை தூக்கியது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். மாமா திரைப் பக்கம் பார்த்தார். அம்மா உள்ளிருந்து ஜாடை காட்ட, "மரண தண்டனை!" என்று அறிவித்துவிட்டு, ரஸ்னா நிரப்பிய கோப்பையை அப்பாவிடம் நீட்டினார்.

முன்வரிசையில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "இன்னாப்பா இது? எங்களைக் கேட்டே, சொல்லிட்டோம். அப்பறம் நீ இன்னா தனியா தீர்ப்பு சொல்றது?"

"கதை அப்படித்தாங்க. கிரேக்கத்துல அவரு செத்துட்டாரு" என்றார் மாமா.

"அங்க இன்னா வேணா நடந்துட்டுப் போவட்டும். இங்க எதுக்குக் கை தூக்கச் சொன்னே?"

பின்னாலிருந்தும் ஆட்கள் எழுந்தார்கள். பெஞ்சுகள் இழுபட்டன. பாஸ்டர் கையமர்த்தியும் யாரும் உட்காரவில்லை. "குடிச்சிடுங்க, குடிச்சாதான் நாடகம் முடியும்" என்ற அம்மாவின் குரல் திரையைத் தாண்டிக் கேட்டது.

அப்பா கையில் வாங்கிய கோப்பையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மேடை விளிம்புக்கு வந்து, மனப்பாடம் செய்த தமிழை விட்டுவிட்டுச் சொன்னார்: "ஊரு சொல்றதைக் கேக்கறவன் நான். சாவுன்னா செத்திருப்பேன். விடுன்னு சொல்லிட்டீங்க. வூட்டுக்குப் போறேன்."

கோப்பையை மாமா கையிலேயே கொடுத்துவிட்டு, போர்வையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்தப் பெரியவர் அப்பாவைக் கட்டிக்கொண்டு தேம்பினார். இன்னும் பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

"பசங்க பரீட்சையில இன்னா எழுதுவாங்க இனிமே?" என்று அம்மா வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். நான் அப்பா விரலைப் பிடித்துத் துள்ளிக்கொண்டு நடந்தேன்.

ஊரே என்னைப் போல அப்பாவைக் காப்பாற்றத்தான் கை தூக்கியது என்று பல வருடம் நம்பியிருந்தேன். சுரங்கத்தை மூடியபோது அந்தக் கூடத்தில் இருந்த ஒருவரிடமும் யாரும் அப்படி 'மூடலாமா' என்று கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.